இரண்டடி தொட்டியில் ஒரு கடல் தோட்டம்

மீன் தொட்டி என்று சொன்னாலே கண் மீனைத்தான் தேடும். செடியெல்லாம் ஹீரோவின் நண்பன் மாதிரி. பின்னால் நின்று தலையாட்டினால் போதும். கடல்நீர்த் தொட்டியில் அந்த வேடம்கூடக் கிடையாது. 'ஃபைண்டிங் நீமோ' (2003) வந்ததிலிருந்து ஆரஞ்சு வெள்ளைக் கோமாளி மீன், பக்கத்தில் ஒரு கடல் சாமந்தி, பின்னால் நீல விளக்கு... கடல் என்றால் இவ்வளவுதான் என்று ஆகிவிட்டது.

ஆனால் செடிக்காகவே கடல்நீர்த் தொட்டி வைக்கிற ஒரு கூட்டமும் உலகத்தில் இருக்கிறது. மீன் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அவர்களுக்குக் கவலையில்லை. கடற்புல் வேர்விட வேண்டும், கடற்பாசி படர வேண்டும், அது போதும். இதைக் கேளம்பாக்கத்தில் ஒரு வாடகை அறையில் செய்ய முடியுமா?

முடியும். பெரிய ஆராய்ச்சிக் கூடம் தேவையில்லை. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் முதல் மாதமே சொல்லித் தருகிற விதி ஒன்று போதும்: உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. தொட்டியில் தண்ணீரும் உப்பும் தீனியும் எல்லாமே இந்த விதிக்குக் கட்டுப்பட்டவைதான். அந்தக் கணக்கு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதில்தான் சிக்கல்.

புல் வேறு, பாசி வேறு

கடலுக்கடியில் பச்சையாக எது தெரிந்தாலும் பாசி என்று சொல்லிவிடுவது வழக்கம். இரண்டும் நெருங்கிய சொந்தம் இல்லை.

கடற்புல் நிலத்தில் இருந்த பூக்கும் தாவரம். ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடலுக்குத் திரும்பிப் போனது. அதற்கு உண்மையான வேர் உண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டு உண்டு, தண்ணீருக்குள்ளேயே பூத்து மகரந்தமும் தண்ணீரிலேயே மிதந்து போகும். உலகம் முழுக்க எழுபது வகை சொச்சம்தான். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிற கடற்புல் தரைகள் இந்தியாவின் முக்கியமானவற்றில் சேர்த்தி. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடல்பசு மேய்வது இங்கேதான். வளர்ந்த ஆவுளியா ஒன்று ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல்லைத் தின்னும்.

கடற்பாசிக்கு வேர் கிடையாது. அடியில் இருப்பது பாறையைப் பிடித்துக்கொள்ள ஒரு பிடிப்பு மட்டுமே. சாப்பாடு முழுக்கத் தண்ணீரிலிருந்து, உடம்பு முழுவதாலும். ராமநாதபுரம் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் அழகான பெயர் வைத்திருக்கிறார்கள்: கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி. நோன்பு நேரத்தில் ரோஸ் கலரில் வெட்டி வைக்கிற இனிப்புக் கடல்பாசி இருக்கிறதே, அதற்கான அகர் எடுக்கப்படுவது இப்படிப்பட்ட சிவப்புப் பாசிகளிலிருந்துதான். இந்தப் பாசிகளைப் பற்றிய படிப்புக்குத் தமிழ்நாட்டில் நூறு வயது ஆகப் போகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886-1963) குருசடைத் தீவுப் பாசிகளைப் பற்றி எழுதியது 1927-இல்.

இந்த வேறுபாடு தொட்டி வைப்பவருக்கு ரொம்ப முக்கியம். பாசிக்குத் தண்ணீர் சரியாக இருந்தால் போதும். புல்லுக்குத் தண்ணீரும் சரியாக இருக்க வேண்டும், மண்ணும் சரியாக இருக்க வேண்டும், மேலே பொறுமையும் வேண்டும்.

செடியில்தான் ஆரம்பம்

கடல் தொட்டியின் சரித்திரம் மீனில் ஆரம்பிக்கவில்லை என்பது ஒரு வேடிக்கை. 1846-இல் அன்னா தின் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்கீ கடற்கரையிலிருந்து சில பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுபோனார். லண்டனில் கடல் இல்லை, பம்ப்பும் இல்லை. வேலைக்காரப் பெண் தினமும் ஜன்னலோரம் நின்று கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றிக்கொண்டே இருந்தார், டீக்கடை மாஸ்டர் மாதிரி. பிறகு அன்னா தின் பாசியைக் கொண்டுவந்து போட்டார். ஆற்றுகிற வேலையைப் பாசி தன் கையில் எடுத்துக்கொண்டது.

1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் நன்னீரில் இதையே கணக்காக நிரூபித்தார். இரண்டு தங்கமீன், வேலம்பாசி வகைச் செடி ஒன்று, அழுகும் இலையைத் தின்ன நத்தை. மூன்றும் சேர்ந்தால் தண்ணீரை மாற்றாமலே ஓடியது. அதற்குப் பின் கடல்நீரில் பச்சைப் பாசியை வைத்தும் செய்து பார்த்தார். 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகத்தோடு 'அக்வேரியம்' என்ற சொல்லே ஊர் முழுக்கப் பரவியது.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. மெரினாவில் 1909-இல் அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பில் ஒரு கடல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இந்த மாதிரி முயற்சிகளில் முன்னோடி. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அது மூடப்பட்டது. 1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் பாறை, காற்றுக் குமிழி, வெயில், இவ்வளவை மட்டும் வைத்துக் கடல் தொட்டி நடத்தும் முறையை எழுதினார். ஆயிரக்கணக்கில் பணம் கொட்டி வாங்குகிற மெஷின்கள் எல்லாம் இதற்குப் பிறகு வந்தவை.

உப்பளத்து ஊரில் உப்பு

தொட்டிக்கு வரலாம். இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். கொள்ளளவு சுமார் 54 லிட்டர். அடியில் மண், மேலே கொஞ்சம் இடைவெளி போனால் தண்ணீர் 40 லிட்டர் நிற்கும். மண்ணும் கண்ணாடியும் சேர்த்து எடை 70 கிலோவைத் தாண்டும் என்பதால் பிளாஸ்டிக் டேபிளை நம்பக் கூடாது.

கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. நாற்பது லிட்டருக்கு 1,400 கிராம். ஐ.டி. கம்பெனிகள் வருவதற்கு முன்னால் கேளம்பாக்கம் என்றால் உப்பளம்தான். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒன்றரைக் கிலோ உப்புக்கு எதற்கு வெளிநாட்டுப் பாக்கெட் வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்.

பதில் அதே உப்பளத்தில் இருக்கிறது. கடல்நீரைப் பாத்தியில் விட்டு வெயிலில் காயவைத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் உறைவதில்லை. முதலில் சுண்ணாம்பு. அடுத்து ஜிப்சம். அதற்குப் பிறகுதான் சமையல் உப்பு. கடைசியில் உறையாமல் நிற்கிற கசப்புத் தண்ணீரை உப்பளக்காரர்கள் வடித்துவிடுவார்கள். உப்பளத்தின் சாமர்த்தியமே இதில்தான்: சோடியம் குளோரைடை மட்டும் தனியாகப் பிரித்து எடுப்பது. கடலின் உப்பில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அதுதான் என்றாலும், மிச்சமிருக்கும் சின்னப் பங்கில்தான் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம். பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது மெக்னீசியம். உப்பளத்தில் முதலில் படிந்துபோன சுண்ணாம்பும் கடைசியில் வடித்துவிட்ட கசப்புத் தண்ணீரும் இல்லாமல் அந்த உப்பை மறுபடி தண்ணீரில் கரைத்தால் கிடைப்பது கடல் இல்லை, ஊறுகாய்த் தண்ணீர்.

ஆகவே இரண்டு வழி. ஒன்று, கடல் தொட்டிக்கென்றே எல்லாத் தாதுக்களும் சேர்த்து விற்கிற செயற்கை உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் கரைப்பது. கேளம்பாக்கம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் என்னென்ன இருக்கிறது என்று தெரியாமல் அடித்தளம் போட முடியாது. இரண்டு, கோவளம் கடலிலேயே எடுத்துவருவது. நாற்பது லிட்டர் என்பது இரண்டு கேன், பைக்கில் ஒரே நடை. ஆனால் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எடுக்கக் கூடாது, மழை பெய்த வாரத்திலும் எடுக்கக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் முட்டுக்காடு வழியாக வரும் வெள்ளம் கரையோரக் கடலின் உப்பைக் குறைத்துவிடும். எடுத்துவந்த தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி, மூடி, இருட்டில் சில நாள் வைத்துப் பிறகு அளந்து பார்க்க வேண்டும். அளப்பதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கருவி. ஒரு சொட்டுத் தண்ணீர், வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் உள்ளே அளவு தெரியும். இந்தப் பொழுதுபோக்கில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாத முதல் பொருள் இதுதான்.

தண்ணீர் போகும், உப்பு போகாது

உப்பளம் சொல்லித் தரும் இரண்டாவது பாடம். தொட்டியிலிருந்து ஆவியாகப் போவது வெறும் தண்ணீர். உப்பு உள்ளேயே தங்கிவிடும். சென்னை வெயிலில், மேலே ஒரு சின்ன ஃபேன் ஓடினால், இந்த அளவுத் தொட்டியில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குறைவது சாதாரணம். ஒரு வாரம் கவனிக்காமல் ஊருக்குப் போய்விட்டால் 33 லிட்டர் மிஞ்சும். அதே 1,400 கிராம் உப்பு இப்போது லிட்டருக்கு 42 கிராம் ஆகிவிட்டது. குறைந்ததை நிரப்பலாம் என்று கடல்நீரையே ஊற்றினால் இன்னும் மோசம். இன்னொரு 245 கிராம் உப்பு உள்ளே வந்து, தொட்டி நிறைந்த பிறகும் 41-க்கு மேலேயே நிற்கும்.

எனவே குறைந்த மட்டத்தை நிரப்ப உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். தினமும் கொஞ்சம், ஒரேயடியாக வேண்டாம். உப்புத் தண்ணீர் உள்ளே வர வேண்டியது, அதே அளவு உப்புத் தண்ணீரை வெளியே எடுக்கிற நாளில் மட்டும். வாரம் நாலு லிட்டர் மாற்றினால் போதும். இது புரியாமல் கெட்டுப்போகும் தொட்டிகள்தான் அதிகம். இரண்டடித் தொட்டியைக் கவனிக்காமல் விட்டால் அது கேளம்பாக்கம் பாத்தியாகத்தான் மாறும்!

ஃபேன் எதற்கு என்றால், சூட்டுக்காக. கடற்புல்லும் பாசியும் வெப்பமண்டல வகை என்றால் 26 முதல் 29 டிகிரி வரை சௌகரியமாக இருக்கும். மே மாதத்தில் அறைக்குள்ளேயே 33, 34 என்றால் தண்ணீரும் அங்கேதான் போகும். குளிரூட்டும் சில்லர் வாங்கினால் மாணவர் பர்ஸ் தாங்காது. தண்ணீர் மேல் காற்று வீசினால் ஆவியாவதாலேயே இரண்டு மூன்று டிகிரி இறங்கும், மண்பானை மாதிரி. அதற்குக் கூலிதான் அந்த ஒரு லிட்டர்.

வெளிச்சத்துக்கு ஜன்னலை நம்புவதைவிட வெள்ளை எல்.இ.டி. விளக்கு நல்லது. ஜன்னல் வெயில் வெளிச்சத்தோடு சூட்டையும் கொண்டுவரும். கடற்புல் வெளிச்சத்துக்கு ரொம்பவும் ஏங்குகிற செடி. கடல் மேற்பரப்பில் விழும் வெளிச்சத்தில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்காவது அதற்கு வேண்டும் என்பது கடலில் அளந்து பார்த்த கணக்கு. பாசிகளில் பல நூற்றில் ஒரு பங்கிலேயே ஓட்டிவிடும். வேரையும் மண்ணுக்கடித் தண்டையும் போஷிக்க வேண்டிய குடும்பஸ்தனுக்குச் சம்பளம் அதிகம் தேவைப்படாதா?

மண்ணும் அப்படித்தான். பாசிக்கு மண்ணே தேவையில்லை. புல்லுக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள மெல்லிய மணல் எட்டு சென்டிமீட்டராவது வேண்டும். அந்த ஆழத்தில் ஆக்சிஜன் இருக்காது, அழுகின முட்டை வாடையடிக்கிற சல்ஃபைடு சேரும். புல் தன் இலையில் தயாரிக்கும் ஆக்சிஜனைத் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழாய் வழியாகக் கீழே அனுப்பி வேரைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையம் வைத்திருக்கிறது. கடலில் இதற்குக் கூட்டாளியும் உண்டு. மண்ணுக்குள் வாழும் ஒரு குடும்பத்துச் சிப்பிகளின் செவுளில் சல்ஃபைடைத் தின்னும் பாக்டீரியா குடியிருக்கிறது. புல், சிப்பி, பாக்டீரியா மூவரும் ஒருவரை ஒருவர் தாங்கி நிற்பதை 2012-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வெளிச்சம் குறைந்தால் இலை மட்டும் வாடுவதில்லை, கீழே வேரும் நஞ்சில் நிற்கும் என்பதுதான் இதில் தொட்டிக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது.

தீனி பற்று, பாசி வரவு

இனி பேரேட்டைத் திறக்கலாம்.

மீன் தீனியில் ஏறக்குறைய பாதி புரதம். 45 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால், ஒரு கிராம் தீனியில் 72 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ளே வருகிறது. மீன் தன் உடம்பில் சேர்ப்பது போக மீதி அம்மோனியாவாகத் தண்ணீரில் கலக்கும். அது நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். அந்த பாக்டீரியாக்கள் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால்தான் முதல் மாதம் தொட்டியில் நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்ட எதுவும் இருக்காது. மணல் மேல் பழுப்பாக ஒரு படலம் வரும், போகும். இதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் கடையை மூடிவிடுகிறார்கள்.

அந்த ஒரு கிராம் தீனி முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் நாற்பது லிட்டரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஏறும். தினமும் ஒரு கிராம் என்றால்? கண்ணாடியெல்லாம் பச்சை மெழுகும், நூல் பாசி புல்லின் இலை மேல் ஏறி மூச்சை அடைக்கும்.

வெளியே போகிற வழி பாசி. அது அம்மோனியாவையே நேராகச் சாப்பிடும். ஈரப் பாசியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். காய்ந்தபின் மிஞ்சுவதில் நைட்ரஜன் சுமார் இரண்டரை சதவீதம். இந்தச் சராசரிப்படி பார்த்தால் ஒரு கிராம் தீனியின் நைட்ரஜனை வெளியே எடுக்கச் சுமார் 30 கிராம் ஈரப் பாசியை வெட்டி எறிய வேண்டும். பாசி வளர்ந்தால் மட்டும் கணக்கு முடிவதில்லை. வளர்ந்த பாசியைத் தொட்டியிலேயே அழுக விட்டால் வரவு வைத்தது மறுபடி பற்றுப் பக்கம் வந்துவிடும். கத்தரிக்கோல்தான் இங்கே வடிகட்டி.

இதற்கு ஏற்ற ஆள் கீட்டோமார்ஃபா. சிக்குப் பிடித்த நைலான் நூல் மாதிரி இருக்கும், அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாது. ஆனால் கேட்ட வேலையைச் செய்யும். கிராசிலேரியா (கஞ்சிப்பாசி இந்த இனம்தான்) சிவப்பில் அழகு சேர்க்கும். ஹாலிமீடா சின்னச் சின்ன வில்லைகளைக் கோர்த்த மாதிரி இருக்கும். உடம்பில் சுண்ணாம்பு சேர்ப்பதால் கால்சியத்தைக் காலி செய்யும். கௌலெர்ப்பா பார்க்க இறகு மாதிரி, திராட்சைக் கொத்து மாதிரி. ஒரு முழுச் செடியும் ஒரே ஒரு செல் என்பது அதன் அதிசயம். ஆபத்தும் அதுதான். வெட்டாமல் விட்டாலோ, திடீர் மாற்றம் வந்தாலோ, ஒரே இரவில் உள்ளே இருப்பதையெல்லாம் இனப்பெருக்கத்துக்காகத் தண்ணீரில் கொட்டிவிட்டுக் கண்ணாடி மாதிரி வெளுத்துச் செத்துவிடும். ஆறு மாதக் கணக்கு ஒரே ராத்திரியில் தலைகீழ்.

மீன் வேண்டும் என்றால்? உப்பு ஏறிய தண்ணீரிலும் வாழக்கூடிய மாலி மீன் எந்தக் கடையிலும் கிடைக்கும். சில நாட்களில் சிறிது சிறிதாக உப்புக்குப் பழக்கி விட்டால் நூல் பாசியைக் கொறித்துத் தின்றுகொண்டிருக்கும். இரண்டு போதும். கடல் குதிரை? கடற்புல்லுக்கு நடுவில் கடல் குதிரை நின்றால் படம் மாதிரிதான் இருக்கும். அந்த ஆசை வருகிற இடத்தில்தான் பேரேட்டின் முதல் பக்கத்துக்குப் போக வேண்டும்.

உள்ளே வந்தது எங்கிருந்து?

கடல் குதிரை, அதன் உறவான குழல் மீன், பவளங்கள், கடல் அட்டை எல்லாம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. புலிக்கு இருக்கும் பாதுகாப்பு. இந்தியப் பவளத்திட்டிலிருந்து உடைத்த 'உயிர்ப் பாறை'யும் பவளம்தான். கடையில் கிடைக்கிறதே என்பது சட்டத்துக்குப் பதில் ஆகாது. மன்னார் வளைகுடா 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. கடற்புல் தரைகளைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் (2011, 2019) மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் வைத்திருக்கின்றன. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரமாக 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கென்றே 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஒதுக்கியது. இந்தியாவில் இதுதான் முதல்.

ஒரு கைப்பிடி புல்லால் கடல் காலியாகிவிடுமா என்று கேட்கலாம். 1850-களில் இங்கிலாந்திலும் அப்படித்தான் கேட்டார்கள். காஸின் புத்தகங்களைப் படித்த கூட்டம் கூடையும் உளியுமாகக் கடற்கரைக்குப் படையெடுத்தது. ஆளுக்கு ஒரு கைப்பிடிதான். அந்தப் பாறைக் குட்டைகள் எப்படிச் சூறையாடப்பட்டன என்று வருந்தி எழுதியவர் வேறு யாரும் இல்லை, காஸின் மகன் எட்மண்ட் காஸ், 1907-இல் வந்த தன் நூலில்.

இந்தப் பக்கத்தில் கடற்புல்லை நடுகிறவர்களைப் பார்த்தால் அந்தக் கைப்பிடியின் விலை தெரியும். பாக் நீரிணையில் மூங்கில் சட்டத்தில் தேங்காய் நார்க் கயிறு கட்டி, அதில் புல்லை ஒவ்வொன்றாக முடிந்து, கடலடியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். பாசி எடுத்துப் பிழைப்பு நடத்துகிறவர்களும் கணக்கில்லாமல் அள்ளுவதில்லை. பாம்பன் சின்னப்பாலத்தில் மூழ்கிப் பாசி சேகரிக்கும் பெண்கள், எத்தனை நாள் எடுப்பது, எந்தக் காலத்தில் எடுக்காமல் விடுவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்காக எடுப்பவர்கள் நாள் எண்ணி எடுக்கும்போது, பொழுதுபோக்குக்காக வைப்பவர் எண்ணாமல் எடுப்பது நியாயமில்லை.

ஆகவே கேளம்பாக்கம் தொட்டிக்கு முறையான வழி பாசியில் ஆரம்பிப்பது. வேறொருவர் தொட்டியில் வளர்த்து வெட்டிய கீட்டோமார்ஃபா ஒரு பிடி போதும்; இரண்டு மாதத்தில் அது தொட்டியை நிரப்பும். புல்லுக்கு இடம் ஒதுக்கி மணலைப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். தொட்டியில் வளர்ந்த புல்லிலிருந்து பிரித்த துண்டு கிடைத்தால் அது ஹாலோஃபிலா ஓவாலிஸ் வகையாக இருப்பது நல்லது. சின்னத் துடுப்பு மாதிரி இலை, ஓரிரு அங்குலம்தான். மீட்டருக்கு மேல் இலை விடுகிற பெரிய வகைகளுக்கு இரண்டடித் தொட்டி சிறை. கிடைக்கவே இல்லையென்றால் புல் இல்லாமலும் அது நல்ல தோட்டம்தான்.

வெளியே போவது எங்கே?

கடைசிப் பக்கம். வாரம் நாலு லிட்டர் தண்ணீர், வெட்டின பாசி. இவை எங்கே போகின்றன?

1984-இல் மொனாக்கோவின் கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலில் சுமார் ஒரு சதுர மீட்டர் அளவுக்குக் கௌலெர்ப்பா டாக்ஸிஃபோலியா முளைத்திருந்தது. தொட்டிகளுக்கென்று வளர்க்கப்பட்ட ரகம். அது மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவி அங்கிருந்த கடற்புல் தரைகளை நெருக்கியது. 2000-இல் அதே ரகம் கலிஃபோர்னியாவில் ஒரு கழிமுகத்தில் தென்பட்டது. தார்ப்பாயால் மூடி, உள்ளே குளோரின் செலுத்தி, 2006-இல் ஒழித்துவிட்டதாக அறிவிப்பதற்குள் 70 லட்சம் டாலருக்கு மேல் செலவு. ஒரு சின்னத் துண்டே புதுச் செடியாக முளைக்கும் என்பதால் வந்த வினை.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட அந்நிய நாட்டுக் கப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்தார்கள். 1927-இல் ஐயங்கார் பாசிகளைப் பட்டியலிட்ட அதே தீவு.

கேளம்பாக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால் அது எங்கே போகும் என்று தெரிந்துகொள்ள மேப் தேவையில்லை. பக்கத்தில் பக்கிங்ஹாம் கால்வாய், அதற்கடுத்து முட்டுக்காடு உப்பங்கழி, அதற்கடுத்து கோவளம் முகத்துவாரம். அந்தக் கழியின் கரையில்தான் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. வலை வீசிப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நன்னீர்த் தொட்டிச் செடி உப்பங்கழியில் விழுந்தால் பெரும்பாலும் செத்துவிடும். கடல் தொட்டிப் பாசிக்கோ அது சொந்த ஊர் மாதிரி. கடலுக்குப் பக்கத்தில் கடல் தொட்டி வைப்பதில் உள்ள வசதியும் அபாயமும் ஒன்றேதான்.

இதற்குச் செலவு அதிகமில்லை. மாற்றிய தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் மூடி வைத்துவிட்டு, பாத்ரூம் வடிகாலில் விடலாம். வெட்டிய பாசியைக் கழுவித் தேய்த்த அதே தண்ணீரும் அதே பக்கெட்டுக்கு. பாசியை மொட்டை மாடியில் ஒரு பழைய தட்டில் பரப்பினால் கேளம்பாக்கம் வெயிலுக்கு இரண்டு நாளில் அப்பளம் மாதிரி காய்ந்துவிடும். நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசி உப்பு போக்கி, தொட்டி மண்ணில் புதைத்தால் மிளகாய்ச் செடிக்கு உரம். மீன் தீனியாக உள்ளே வந்த நைட்ரஜன் மிளகாயாகக் காய்க்கிற வரைக்கும் பின்தொடர்ந்து போனால்தான் அந்தப் பேரேட்டில் கடைசிக் கோடு போட முடியும்.